எ.ச. என்று எழுதிய டப்பா

நான் அறிவியல் டீச்சர். வருஷா வருஷம் பிள்ளைகளை ஒரு அட்டவணையை மனப்பாடம் செய்ய வைப்பேன். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண், சி குறைந்தால் ஸ்கர்வி, டி குறைந்தால் ரிக்கெட்ஸ், இரும்பு குறைந்தால் சோகை. ராகம் போட்டுத்தான் சொல்வார்கள். எங்கள் பள்ளி குடுமியான்மலைக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. சங்கீதத்தையே பாறையில் வெட்டி வைத்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ராகம் போடாதே என்று பிள்ளைகளை அதட்ட எனக்கு மனசு வராது. அந்த அட்டவணையில் உள்ளதெல்லாம் குறைவுதான். கூடிப்போனால் என்ன ஆகும் என்று ஒரு வரி கிடையாது. நானும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

எனக்கு முடக்குவாதம். நாற்பத்தொரு வயதில் வந்தது. முதலில் இரண்டு கை விரல் மூட்டுகளிலும் வீக்கம். காலையில் எழுந்தால் கை மடங்காது. குழாயைத் திருப்ப முடியாது, ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியாது. ஏழரை மணி பஸ்ஸுக்கு அஞ்சு மணிக்கே எழுந்து, வாளி வெந்நீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாக்பீஸ் பிடிக்க முடியாமல் ஒரு பாடம் முழுவதையும் வாயாலேயே நடத்தி முடித்த நாட்கள் உண்டு. கரும்பலகையில் என் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரு கர்வம். அந்தக் கர்வம் போனதற்குத்தான் அழுதேன், வலிக்கு அழவில்லை.

திருச்சியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "ஒடம்புல இருக்கிற எதிர்ப்பு சக்தி கிருமியத்தான் அடிக்கணும். உங்களுக்கு அது ஆள் தெரியாம உங்க மூட்டுகளையே அடிச்சிட்டு இருக்கு. அத அடக்கி வைக்கணும்." அடக்குவதற்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் மாத்திரை. அந்த மாத்திரை உடம்பில் உள்ள ஃபோலிக் ஆசிட்டைக் குறைத்துவிடும் என்பதால் அதற்கு இன்னொன்று. டி சத்து குறைவு, அதற்கு பாலில் கலக்குகிற பவுடர். கால்சியம். ரத்தமும் கம்மி என்பதால் இரும்பு. ஆக, நான் பிள்ளைகளுக்கு நடத்துகிற அட்டவணையில் பாதியை மருந்துக்கடைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அப்போது என் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். புதுக்கோட்டை பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது.

"என்னவாம்?"

"எதிர்ப்பு சக்தி பிரச்சினையாம்."

"கொறைஞ்சு போச்சா?"

பஸ்ஸில் நல்ல கூட்டம். பக்கத்துச் சீட்டு அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் உடம்பே என்னை அடிக்கிறதாம் என்று அத்தனை பேருக்கு நடுவில் கத்திச் சொல்லக் கூச்சமாக இருந்தது, ஏதோ நானே செய்துகொண்ட தப்பு மாதிரி. களைப்பு வேறு. "ம்" என்றேன். அவ்வளவுதான். அந்த "ம்" எனக்கு மறந்தே போனது.

மாத்திரை வேலை செய்தது. நாலு மாதத்தில் கை மடங்கியது. ஒரு நாள் கரும்பலகையில் தேதியிலிருந்து வீட்டுப்பாடம் வரைக்கும் நானே எழுதி முடித்துவிட்டு, பிள்ளைகள் பார்க்காதபோது முஷ்டியை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன். எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்கடுத்த வருஷம் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தார். விடுமுறைக்கு என்று நினைத்தேன். பெட்டியைப் பிரித்துக்கொண்டே, "இனிமே போகல" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "போதும், விடு" என்றார். பதினாறு வருஷம் அங்கே கிடங்கில் வேலை, அறையில் தானே சமைத்துச் சாப்பாடு. வந்த இரண்டாம் நாளே என் அடுப்படியைப் பிடித்துக்கொண்டார். சீனி டப்பா எங்கே என்று என் வீட்டில் நான் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

மாத்திரைக் கவருக்குள் இருக்கும் துண்டுச் சீட்டை எல்லாம் உட்கார்ந்து படித்தார். இரும்பு மாத்திரைக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு மணி நேரம் டீ கிடையாது. கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாகப் போடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் என் போனில் ஒவ்வொரு மணி வைத்தார். ஆசிரியர் அறையில் நாதஸ்வரம் ஒலித்தால் கால்சியம் என்று தலைமையாசிரியருக்கே தெரியும். டீயை மட்டும் பள்ளியில் திருட்டுத்தனமாகக் குடித்துவிடுவேன்.

டி குறைவு என்பதை அவரால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. "புதுக்கோட்டையில இருந்துக்கிட்டு வெயில் பத்தலைன்னா, இன்னும் எங்கிட்டுப் போயி வெயில் வாங்குறது?" என்று என்னிடம் சண்டை பிடித்தார். லீவு நாளில் பத்து மணிக்கு மொட்டைமாடியில் வத்தலோடு வத்தலாக என்னையும் காயப் போட்டார்.

கட்டுமாவடியில் இருக்கிற என் தம்பி மத்தியும் நெத்திலியும் கொடுத்து அனுப்புவான். வீட்டுக்காரர் குடும்பத்தில் செவ்வாய், வெள்ளி மீன் புழங்க மாட்டார்கள். பஸ்ஸில் வருகிற மீனுக்குக் கிழமை தெரியுமா? வெள்ளிக்கிழமையும் வரும். "மருந்துன்னு நெனச்சுத் தின்னு, தப்பில்ல" என்று அவரே பொரித்துத் தட்டில் வைப்பார். மீனை மருந்தாக்கியவர் அவர்தான். இதை நான் பின்னால் சொல்லிக் காட்டினேன்.

எல்லாவற்றுக்கும் மேலே கஞ்சி. கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, எள், ஆதனக்கோட்டை முந்திரி, நிழலில் காயவைத்த முருங்கைக்கீரை என்று தனித்தனியே வறுத்து அரைத்து சத்துமாவு வைத்திருந்தார். கை மடங்க ஆரம்பித்த பிறகும் காலை வெந்நீரை நான் விடவில்லை. அஞ்சு மணிக்கு நான் வெந்நீரில் கையை வைத்திருக்கும்போது டம்ளர் வரும். என் கை இரண்டும் வாளிக்குள் இருப்பதால் அவரே வாயில் வைத்துப் புகட்டுவார். கல்யாணமாகி இத்தனை வருஷம் போனிலேயே குடும்பம் நடத்தியவள் நான். அந்த டம்ளரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகவே சில நாள் கை கூடுதலாக வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

கஞ்சி லேசாகக் கசக்கும். கேட்டால், "வெந்தயம்" என்பார். கருப்பட்டியை இன்னும் கொஞ்சம் நுணுக்கிப் போடுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் வந்த புதிதில் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஏதோ மூலிகை, எதிர்ப்பு சக்தி, ஏழு நாளில் இப்படி, பதினாலு நாளில் அப்படி. நான் எரிந்து விழுந்தேன். "சயின்ஸ் டீச்சர் வீட்டுல உக்காந்துக்கிட்டு வாட்ஸப் வைத்தியம் பாக்குறீங்களா? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் வகுப்பறைக் குரல் தானாக வந்துவிடும். அவர் போனை மூடி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வீடியோவும் காட்டவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மூணு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். அவர் வந்து ஆறாவது மாதம் பார்த்தபோது கல்லீரல் கணக்கு ஏறியிருந்தது. இருக்க வேண்டியதைப் போல மூணு மடங்கு. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நாட்டு மருந்து, கசாயம், லேகியம் ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லவே இல்லைங்க" என்றேன், கொஞ்சம் ரோஷமாகவே.

"அப்ப மாத்திரையாத்தான் இருக்கும். ஒரு மாசம் நிறுத்திப் பாக்கலாம்."

வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் இருந்தார். பெண் டாக்டர் அறைக்குள் வரக் கூச்சம் அவருக்கு. பஸ்ஸுக்கு நடக்கும்போது, "நாட்டு மருந்து சாப்பிடுறோமான்னு கேட்டாங்க" என்றேன். "நம்ம எங்க மருந்து சாப்பிடுறோம்?" என்றார் அவரும். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு அதுதான் உண்மை.

மாத்திரையை நிறுத்திய இரண்டாம் வாரமே பழைய காலைகள் திரும்பி வந்தன. கொக்கி, குழாய், சாக்பீஸ் எல்லாம் மறுபடி எதிரிகள் ஆயின. கரும்பலகையில் என் எழுத்து கோணிக்கொண்டு போனது. ஒரு பெண் எழுந்து வந்து, "நான் எழுதட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள், நான்தான் முறைத்து உட்கார வைத்தேன். வீட்டுக்காரர் என் விரல்களைப் பார்த்தார். மறுநாளிலிருந்து சாயந்திரமும் ஒரு டம்ளர் கஞ்சி வந்தது.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கணக்கு இன்னும் ஏறியிருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு இந்தத் தடவை முகம் மாறியது. "மாத்திரைய நிறுத்தியும் ஏறுதுன்னா ரெண்டுல ஒண்ணு. ஒங்க எதிர்ப்பு சக்தி ஈரலையும் அடிக்க ஆரம்பிச்சிருக்கணும். அதுக்கு ஊசி விட்டு சதை எடுத்துப் பாக்கணும். இல்ல, வேற ஏதோ உள்ள போகுது. எதுன்னு தெரியாம நான் மாத்திரைய திரும்பக் குடுக்க முடியாது. ரொம்ப நாள் குடுக்காம இருக்கவும் முடியாது. வெரல் ஒருதடவ கோணிட்டா மறுபடி நேராகாது" என்றார். அடுத்து மெதுவாக, "வீட்டுல போயி, வாய்க்குள்ள போறது ஒண்ணு விடாம யோசிச்சுப் பாருங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அன்றைக்கு வயலுக்குத் தண்ணீர் முறை, விடியுமுன்னே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கஞ்சியை நானே காய்ச்சிக்கொள்ளலாம் என்று அடுப்படிக்குள் போனேன். ஆறேழு மாதமாகக் காலை நேரத்தில் நான் அங்கே கால் வைத்ததே இல்லை. சத்துமாவு டப்பாவுக்குப் பின்னால், குழம்புத் தூளுக்கும் மஞ்சள் தூளுக்கும் நடுவில், சின்னதாக ஒரு டப்பா இருந்தது. அதன் மேல் ஒட்டிய சீட்டில் அவர் கையெழுத்தில் "எ.ச." என்று இருந்தது.

எள்ளுச் சட்னிப் பொடியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். திறந்தேன். சாம்பலும் பச்சையும் கலந்த தூள். நாக்கில் வைத்தவுடன் தெரிந்துவிட்டது. அதே கசப்பு. வெந்தயம் இல்லை.

அவர் திரும்பி வரும்வரைக்கும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவர் என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"சீந்திலு. நம்ம வயக்காட்டு வேப்பமரத்துல படர்ந்து கெடக்குல்ல, அது. வேம்புல ஏறுன சீந்தில்தான் ஒசத்தின்னாங்க. நானே வெட்டி, காயவச்சு, இடிச்சது. கடையில வாங்குனது இல்ல, பயப்படாத."

"எத்தனை நாளா?"

"வந்ததுலேர்ந்து. ஒரு சிட்டிகதான். இப்பத்தான் ரெண்டு நேரம்."

"மருந்து சாப்பிடுறோமான்னு கேட்டதுக்கு இல்லன்னு சொன்னீங்களே!"

"இது எங்க மருந்து? சத்துதானே?"

அங்கேதான் எனக்குத் தலைக்கேறியது. "மத்தி மீனு மருந்து, சீந்தில் சத்தா? நல்லாயிருக்குங்க ஒங்க சயின்ஸு! அது என்ன எ.ச.?" என்று கத்தினேன்.

"எதிர்ப்பு சக்தி" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. "ஒனக்கு அதுதானே கொறைவு?"

பஸ்ஸும், பக்கத்துச் சீட்டு அம்மாவும், அந்த "ம்"மும் அப்படியே திரும்பி வந்தன.

அவரும் தரையில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார். கொரோனா நேரத்தில் அவர் அறையில் அறந்தாங்கிப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தாராம். திடகாத்திரமானவராம். எட்டே நாளில் போய்விட்டார். அவருடைய சாமான்களைக் கட்டி ஊருக்கு அனுப்பி வைத்தவர் என் வீட்டுக்காரர்தான். "ஆசுபத்திரியில கேட்டதுக்கு, அவருக்கு எதிர்ப்பு சக்தி இல்ல, அதான்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டாய்ங்க. அதுக்கப்புறம் நீ போன்ல அதே வார்த்தையச் சொன்ன. எனக்கு அங்கிட்டு இருப்புக் கொள்ளல. கான்ட்ராக்ட முடிச்சுக் குடுத்துட்டு வந்துட்டேன். ஒங்கிட்டச் சொன்னா வாட்ஸப் வைத்தியம்ப."

போதும் என்று அவர் சொன்னதற்கு இதுதான் அர்த்தம். ஒரு வருஷத்துக்கும் மேலாக இந்த மனுஷர் நான் எந்தக் காய்ச்சலில் போய்விடுவேனோ என்று பயந்துகொண்டே விடிகாலையில் எழுந்திருக்கிறார். அந்தப் பயத்தை நான் கொடுத்தேன், இரண்டு எழுத்துகூட இல்லாத ஒரு சத்தத்தில்.

எதுவும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. டப்பாவைக் கொட்டிவிட்டு, ஈரலுக்கு ஆகாது என்று மட்டும் சொன்னால் போதும், அவர் மனசு நோகாது. ஆனால் மறைத்து மறைத்துத்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

"எனக்கு அது கொறைவு இல்லைங்க" என்றேன். "அதுதான் நெலகொள்ளாம கெளம்பி என்னையே அடிக்குது. அன்னைக்கிப் பஸ்ஸுல வெக்கமா இருந்துச்சு, அதான் ம்-ன்னு சொல்லிட்டேன். அத அடக்கத்தான் மாத்திர."

அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் இத்தன நாளும் அதுக்குத்தான் தீனி போட்டுக்கிட்டு இருந்தேனா?"

என் தப்பு என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். சீந்தில் என்றதும், "அதையா? ஒங்கள மாதிரி ஆளுங்களுக்கு அது ஆகவே ஆகாதும்மா, உடனே நிறுத்துங்க" என்றார். ஊசியைத் தள்ளி வைத்து, மூணு வாரம் கழித்து ரத்தம் பார்ப்போம் என்றார். இறங்கினால் மாத்திரை, இறங்காவிட்டால் ஊசி.

அந்த மூணு வாரம் அவர் கஞ்சியே காய்ச்சவில்லை. வயலுக்குப் போய் வேப்பமரத்துச் சீந்திலை அடியோடு வெட்டிப் போட்டுவிட்டு வந்தார். எனக்குத் தண்ணீர் கொடுப்பதற்குக்கூடத் தயங்கினார். மாத்திரை மணி அடித்தால் போனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு விலகிப் போவார். அஞ்சு மணிக்கு நான் வாளி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். விரல் வலியைக் காட்டிலும் அந்த டம்ளர் வராததுதான் எனக்கு வலித்தது. அவரைக் கூப்பிட்டுச் சொல்லவும் தெரியவில்லை. நாள்கணக்கில் பேச்சை விழுங்கியே பழகிய வீடு எங்களுடையது.

மூணாவது வாரம் கணக்கு இறங்கியிருந்தது. முழுதாக இல்லை, பாதிக்கு மேல். டாக்டரம்மா அறைக்குள் நான் போனபோது, கூப்பிடாமலே என் பின்னால் அவரும் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லா எறங்கியிருக்கு. இன்னும் ரெண்டு வாரத்துல மாத்திரைய ஆரம்பிச்சுரலாம்" என்றார் டாக்டரம்மா. வழக்கம்போல, "வேற நாட்டு மருந்து ஏதும்..." என்று ஆரம்பித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். "சீந்தில நான்தாங்க குடுத்தேன், அவளுக்குத் தெரியாது. இது கஞ்சிக்குப் போடுறது" என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். "கேழ்வரகு. கம்பு. பாசிப்பயறு. எள்ளு, கறுப்பு எள்ளு. முந்திரி. முருங்கைக்கீர. கருப்பட்டி." நிறுத்தி, தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "உப்பு. கல்லுப்புங்க. தண்ணி, பைப்புல வார காவேரித் தண்ணி."

தாளை மேஜை மேல் வைத்தார்.

"இதுல எதுவும் இவள அடிக்காதுங்களா?"

டாக்டரம்மா சிரித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, உப்பு தண்ணீர் உட்பட ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டார். "எதுவும் அடிக்காதுங்க. தாராளமாக் குடுங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் அஞ்சு மணிக்கு டம்ளர் வந்தது. ஒரு வாய் புகட்டிவிட்டு, "நல்லாருக்கா?" என்று கேட்டார்.

பழக்கத்தில் "ம்" என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

"நல்லாருக்குங்க. கசக்கல. ஆனா இடது கை இன்னைக்கி மடங்கவே மாட்டேங்குது. கோணிப் போயிருமோன்னு பயமா இருக்குங்க" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். சட்டைக் கையைக்கூட மடித்துவிடாமல் வெந்நீருக்குள் கையை விட்டு, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டார்.